கரையில் காய்ந்த பட்டாளத்துச் சட்டைகள்

பனைமோட்டூரில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீடு ஒன்று இருக்குமானால், அது நேற்றுக் குடிவந்த வீடாக இருக்கும், இல்லாவிட்டால் எருமை கட்டுகிற கொட்டகையாக இருக்கும். மற்ற எல்லா வீட்டுக் கூடத்திலும், உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில், கண்ணாடி போட்ட ஒரு படம் தொங்கும். அதில் மீசை முறுக்கிய ஒருவர், வேலூர் ஸ்டுடியோக்காரர் ஏரியும் அன்னப்பறவையும் எழுதிவைத்திருந்த திரைக்கு முன்னால், பித்தளைப் பொத்தானும் மார்பில் மெடலுமாக விறைத்துக்கொண்டு நிற்பார். அவர் எந்தச் சண்டைக்குப் போனார், மார்பில் தொங்குவது எதற்காகக் கொடுத்தது என்று கேட்டால், அந்த வீட்டில் இருக்கிற ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள், எல்லாக் கதையிலும் கடைசியில் ஒரு வெள்ளைக்காரத் துரை வந்து கைகுலுக்குவான். நாங்களும் மறுத்துப் பேசாமல் கேட்டுக்கொள்வோம், ஏனென்றால் எங்கள் வீட்டுக் கதையிலும் ஒரு துரை உண்டு.

அப்படிப்பட்ட ஊரில், ஆவணி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, பால்காரர் வருகிற நேரத்துக்கு, படத்தில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் உடுப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். சட்டை மட்டுமல்ல, நிஜார், பெல்ட்டு, தொப்பி, பூட்சு எல்லாம் போய், சிலர் கோமணத்தோடும் சிலர் முட்டிவரை தொளதொளத்த உள்நிஜாரோடும், மீசை மட்டும் முறுக்கினது முறுக்கினபடி, அதே ஏரிக்கும் அதே அன்னப்பறவைக்கும் முன்னால், அதே விறைப்போடு நின்றார்கள். அவர்கள் யாரும் கூச்சப்பட்டதாகத் தெரியவில்லை. கூச்சப்பட்டதெல்லாம் நாங்கள்தான்.

பெண்கள் முதல் வேலையாகப் படங்களின் மேல் துண்டைப் போட்டு மூடினார்கள், சில வீட்டில் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்கள், ஒரு வீட்டில் மருமகள் மாமனாரின் தாத்தாவுக்கு எதிரே காபி ஆற்ற மாட்டேன் என்று அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். ஏன் கழற்றினார்கள் என்று ஊரில் கேட்டது ஒரே ஒரு ஆள். அவர் டூரிங் டாக்கீஸில் டிக்கெட் கிழிப்பவர், அவர் எதையும் கேட்பார். மற்றவர்களுக்கு, கழற்றிய துணி எங்கே போயிற்று என்பதுதான் கவலையாக இருந்தது, ஏனென்றால் பண்டிகை வந்துகொண்டிருந்தது, அரைகுறையாக நிற்கிறவருக்கு எப்படிக் கற்பூரம் காட்டுவது.

துணி ஏரிக்கரையில் காய்ந்துகொண்டிருந்தது. மாடு ஓட்டிப் போனவர்கள் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள்: பனை மரத்துக்குப் பனை மரம் கயிறு கட்டி, துவைத்துப் பிழிந்து உதறி, கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பட்டாளத்து உடுப்பாகத் தொங்குகிறது, எல்லாம் ஆள் உயரத்துக்கு இருக்கிறது, ஒன்றிலும் நிறம் இல்லை. நாங்கள் போய்ப் பார்த்தோம். காக்கி காக்கியாக இல்லை, பித்தளை பித்தளையாக இல்லை. மெடல் நாடாவில் சிவப்பு கருப்பாகவும் நீலம் வெளுப்பாகவும், அந்தக் காலத்து பிலிமில் எப்படி விழுந்ததோ அப்படியே, வெயிலில் ஆடிக்கொண்டிருந்தது. தொட்டால் துணிதான், பிழிந்தால் தண்ணீர்தான், மோந்தால் சவுக்கார வாசனைதான். அதற்கு மேல் அதில் ஆராய ஒன்றும் இல்லை என்று அவரவர் தங்கள் வீட்டு உடுப்பைத் தேட ஆரம்பித்தோம்.

தேடினால்தான் தெரிந்தது, எங்கள் வீட்டு உடுப்பு எப்படி இருக்கும் என்று எங்களுக்கே சரியாகத் தெரியாது என்பது. பிறந்ததிலிருந்து பார்த்த படம், ஆனால் தோளில் இருந்தது ஜரிகையா பட்டையா, மெடல் இரண்டா மூன்றா, பொத்தான் ஒரு வரிசையா இரண்டு வரிசையா என்று கேட்டால் விழித்தோம். படத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம் என்றால் படத்தில் இருப்பவர் கோமணத்தோடு நிற்கிறார். ஆனாலும் பத்துப் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே நேரத்தில் ஒரே கோட்டுக்குக் கையை நீட்டினார்கள். கழுத்து வரை ஏறிய கோட்டு, மார்பின் குறுக்கே கயிற்றுப் பின்னல், தோளில் குஞ்சம், இடது பக்கம் மூன்று பெரிய மெடல். அது தங்கள் தாத்தாவுடையது என்று அத்தனை பேரும் சத்தியம் செய்தார்கள், ஒருவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் சங்கடம்.

அப்போது சுபேதார் துரைக்கண்ணு மடக்கு நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தார். அவர் பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் துப்பாக்கியைவிடத் துணியைத்தான் அதிகம் பார்த்தவர், உடுப்புக் கிடங்கில் வேலை, வீட்டு அலமாரி நிறையப் பழைய பட்டாளத்துப் படப் புத்தகங்கள். ஓய்வு பெற்று வந்தபிறகு யார் வீட்டுக்குப் போனாலும் காபி வாங்கிக் குடித்துவிட்டு, கூடத்துப் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிடுவார். அவருக்கு மரியாதை தெரியும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவருக்கு உண்மை தெரியும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

"மொதல்ல எட்த்துக்கினு போயி படத்துக்குக் கீழ ஆணியில மாட்டுங்க," என்றார். "அவுங்களே சொல்லுவாங்க."

அப்படித்தான் நடந்தது. தன்னுடைய உடுப்பாக இருந்தால், ஆணியில் மாட்டிவிட்டு அரிசி களைந்து உலையில் போட்டுத் திரும்புவதற்குள் அது படத்துக்குள் ஏறிவிடும், படத்தில் இருப்பவர் பொத்தான் போட்டு முடித்திருப்பார். தன்னுடையதாக இல்லாவிட்டால் ஆணி வெறுமையாக இருக்கும், உடுப்பு மறுபடி துவைத்துப் பிழிந்த ஈரத்தோடு கரையில் தொங்கும். குஞ்சம் வைத்த கோட்டை அந்தப் பத்துப் பன்னிரண்டு வீட்டிலும் மாட்டிப் பார்த்தார்கள், ஒரு தாத்தாவும் அதைத் தொடவில்லை.

சுபேதார் நாற்காலியைக் கொடிக்குக் கொடி நகர்த்திப்போட்டு, குச்சியால் தொடாமல் காட்டி, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மெடலை வலது பக்கம் குத்தியிருந்தால் அது போட்டிருந்தவன் வாங்கினதல்ல, செத்துப்போன அப்பனுடையது. முட்டியில் ஒட்டுப் போட்டிருந்தால் பாலம் கட்டுகிற பிரிவு, முட்டிபோட்டு முட்டிபோட்டுத் தேய்ந்தது. முதல் உலகச் சண்டைக்குக் கொடுத்த வட்ட மெடல் பளிச்சென்று இருந்தால் வெள்ளி, மங்கிக் கருத்திருந்தால் வெண்கலம்.

"சுடப் போனவனுக்கு வெள்ளி," என்றார். "சோறாக்க, மூட்ட தூக்க, கக்கூசு கழுவக் கூடப் போனவனுக்கு வெங்கலம். ரெண்டு பேரும் ஒரே கப்பல்லதான் போனாங்க."

அப்படிச் சொன்னவர், மங்கிய மெடல் குத்திய ஒரு சட்டையைத் தானே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவர் தாத்தா குதிரைப் படையில் வாள் சுற்றியவர் என்று ஊரே நம்பியிருந்தது, அந்த வீட்டுக்குக் குதிரைக்காரர் வீடு என்றே பெயர். தாத்தா சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டார். இடுப்பில் கரித்துணி செருகியிருந்தது. சுபேதார் மறுநாள் காலையில் டீக்கடைக்கு வந்து, யாரும் கேட்பதற்கு முன்னால், "எங்க தாத்தா சமையக்காரரு. மெசபடோமியாவுல ஒரு பட்டாளமே அவரு கையாலதான் தின்னுச்சு," என்று சொல்லிவிட்டு டீ கேட்டார். அதற்குப் பிறகு மற்றவர்களுக்குச் சொல்வது சுலபமாகிவிட்டது.

கேப்டன் வீட்டு வஜ்ஜிரவேலுவுக்குத்தான் கொஞ்சம் கஷ்டம். கடைத்தெருவில் அவன் வைத்திருந்த சைக்கிள் கடைக்கே கேப்டன் சைக்கிள் கடை என்று பெயர், போர்டில் தாத்தா முனிரத்தினத்தின் படத்தைப் பெயின்டில் எழுதியிருந்தான். முனிரத்தினம் ஏற்றுக்கொண்டது தோள் கிழிந்த ஒரு சொரசொரத்த சட்டையை. "கிழிசலப் பாரு, பல்லு பட்டது," என்றார் சுபேதார். "கோவேறு கழுத கடிச்சிக்கீது. ஒங்க தாத்தா கழுத ஓட்டிக்கீறாரு." வஜ்ஜிரவேலு இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் திறந்து, பெயின்டரை வரவழைத்து, போர்டில் தாத்தாவுக்குப் பக்கத்தில் ஒரு கழுதையைச் சேர்த்து எழுதச் சொன்னான். கேப்டன் என்பதை மட்டும் எடுக்கவில்லை, அது கழுதையின் பெயராகவும் இருக்கலாம் அல்லவா என்று கேட்டான்.

குஞ்சம் வைத்த கோட்டின் விஷயமும் தெளிந்தது. பட்டாளத்துக்குப் போகிற பையன்கள் உடுப்புக் கொடுப்பதற்கு முன்னாலேயே வீட்டுக்கு ஒரு படம் எடுத்து வைத்துவிட்டுப் போவார்கள், திரும்பி வருவோமோ வரமாட்டோமோ என்ற நினைப்பு. அவர்களுக்காக வேலூர் ஸ்டுடியோக்காரர் ஆணியில் ஒரு கோட்டு மாட்டி வைத்திருந்தார், எங்கள் ஊரில் பாதிப்பேர் அதைத்தான் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். கோட்டு கல்யாண பேண்டு செட்டுக்காரர்களுடையது. மெடலை சுபேதார் தன் பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு, ஒன்று நல்ல பால் எருமைக்குக் கொடுத்தது, ஒன்று பொலிகாளைக்கு, மூன்றாவது தெளிவாக இல்லை, ஆனால் கொம்பு தெரிகிறது என்றார். அந்தக் கோட்டைக் கடைசியில் ஊர் எல்லை முனீஸ்வரனுக்குப் போட்டோம். அவர் மறுக்கவில்லை, கரைக்கும் அது திரும்பி வரவில்லை, முனீஸ்வரனும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறார்.

புரட்டாசி பிறப்பதற்குள் ஊர் பழகிவிட்டது. குதிரைக்காரர் வீடு சோத்துக்காரர் வீடாயிற்று, கேப்டன் வீடு கழுதை வீடாயிற்று, யாரும் எதிர்பார்க்காத ஒரு கூரை வீட்டில், சண்டையைப் பற்றிச் சாகும்வரை வாயைத் திறக்காத ஒருவர் துப்பாக்கிக் குண்டு துளைத்த சட்டையை வாங்கி நிதானமாகப் போட்டுக்கொண்டார். பெண் கொடுக்கல் வாங்கல் பேச்சில் ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் இடறல் இருந்தது, பிறகு அதுவும் சரியாகிவிட்டது. துணி தீர்ந்த கொடியை அவிழ்த்துக் கயிற்றைச் சுருட்டி வைத்தோம். கடைசியில் ஒரு வீடுதான் மிச்சம், தனபாக்கியத்தின் வீடு.

தனபாக்கியத்தின் அப்பா ஏகாம்பரம், முனிரத்தினத்தோடு ஒரே நாளில் ரயிலேறிச் சிங்கப்பூர்ப் பக்கம் போனவர். அப்போது தனபாக்கியம் அம்மா வயிற்றில். சண்டை முடிந்து முனிரத்தினம் வந்தார், ஏகாம்பரம் வரவில்லை; ஜப்பான்காரனைப் பார்த்ததும் பட்டாளத்தை விட்டு ஓடிவிட்டான், எங்கேயோ மலாய்க்காரியைக் கட்டிக்கொண்டு இருக்கிறான் என்று ஊரில் பேச்சு வந்தது, அது முனிரத்தினமே சொன்னது என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. அன்றிலிருந்து அது ஓடிப்போனவன் வீடு. தபால்காரர்கூட அப்படித்தான் சொல்லி வழி கேட்பார். ஆகஸ்டு பதினைந்தில் கொடியேற்றிப் பட்டாளத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு முதலில் மிட்டாய் கொடுக்கும்போது, தனபாக்கியம் வரிசையில் நின்று, முறை வந்ததும் தள்ளிவிடப்பட்டிருக்கிறாள். கட்டிக்கொடுத்த இடத்தில் மாமியார், கொஞ்சம் வேகமாக நடந்தால்கூட, ஓடுகிற ரத்தம் என்பாள். புருஷன் செத்தபிறகு மகள் புவனாவோடு பிறந்த வீட்டுக்கே வந்துவிட்ட தனபாக்கியத்துக்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது. புவனாவுக்குக் கார்த்திகையில் கல்யாணம், மாப்பிள்ளை வீடு பட்டாளத்து வீடு. அப்பா ஓடவில்லை என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்பதைத் தவிர அவளுக்கு வாழ்க்கையில் வேறு ஆசை இருந்ததாக நாங்கள் அறியவில்லை.

அவள் அம்மா அலமேலு ஒரு மாதிரி. புருஷன் பேரைச் சொல்லி யாரும் அழக்கூடாது, அழுதால் அவர் செத்துவிடுவார் என்பாள். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம் வைத்துக்கொண்டு, நாள் தவறாமல் பூ வைத்துக்கொண்டு, எழுபது வயதுவரை இருந்து, அந்தக் குங்குமத்தோடேயே போய்ச் சேர்ந்தாள். மகளை அப்பா என்று கூப்பிடக்கூட விடமாட்டாள், வந்தபிறகு கூப்பிடு என்பாள்.

ஏகாம்பரம் படம் எடுத்துக்கொண்டதும் அந்த பேண்டு செட்டுக் கோட்டில்தான். அது இல்லை என்று ஆனபிறகு, தனபாக்கியம் மிச்சமிருந்த ஒவ்வொரு சட்டையாக வாங்கிப்போய் மாட்டினாள். ஊரும் அவளுக்கு நல்லதுதான் செய்யப் பார்த்தது. இரண்டு வீட்டுக்காரர்கள் தங்களுக்கு அதிகப்படியாக இருந்த நல்ல சட்டையைக் கொடுத்து, பரவாயில்லை, இதைப் போட்டுக்கொள்ளச் சொல் என்றார்கள். ஏகாம்பரம் எதையும் போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு முறையும் ஆணி வெறுமையாக இருந்தது, அவர் கோமணத்தோடு, இருபத்திரண்டு வயசுக்காரராக, மகளைவிட முப்பது வயது சின்னவராக, நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கரையில் எல்லாக் கயிற்றையும் அவிழ்த்தபிறகு, கோடியில் கடைசிப் பனை மரத்தில் ஒன்று மட்டும் தொங்கியது. அதை நாங்கள் முன்பே பார்த்திருக்க வேண்டும், பார்த்தும் துணி மூட்டை கட்டின சாக்கு என்று விட்டிருக்க வேண்டும். அரிசிச் சாக்கை வெட்டித் தைத்த ஒரு முழத் துணி, இடுப்பில் கட்டச் சணல் கயிறு, கயிற்றின் ஓரத்தில் ஒரு மரச்சில்லு, சில்லில் எங்களுக்குத் தெரியாத எழுத்தில் ஏதோ செதுக்கியிருந்தது.

சுபேதார் அதைப் பார்த்ததும் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டார்.

"இது ஜப்பான்காரன் புடிச்சிக்கினு போன ஆளுங்களுக்குக் குடுத்தது," என்றார். "தீவு தீவா கொண்டுபோயி மண்ணு வெட்ட வச்சாங்க. போட்டிருந்த துணி நைஞ்சு போனப்புறம் இத்தான். சில்லுல கீறது அவரு நம்பரு."

"அப்போ ஓடலையா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"ஓடுனவனுக்கு இது எப்பிடிப்பா கெடைக்கும்? ஓடியிருந்தா நல்ல துணி கட்டியிருப்பான். புடிபட்டும் ஓடாம நின்னவன் இடுப்புலதான் இது இருக்கும்." சுபேதார் சில்லைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "முனிரத்தினமும் இத்தையே கட்டிக்கினு கெடந்தவருதான். திரும்பி வந்தவங்கல்லாம் இத்த அங்கியே அவுத்துக் கொளுத்திட்டுத்தான் கப்பல் ஏறுனாங்க. அதனாலதான் வேற எதுவும் இங்க வரல."

சொன்னதன் மறுபாதி எங்களுக்கு உடனே உறைக்கவில்லை. நாங்கள் சந்தோஷப்பட்டோம். ஐம்பது வருஷமாக ஒரு குடும்பத்தைத் தப்பாகப் பேசிவிட்டோம் என்று வருத்தமும் பட்டோம், அந்த வருத்தத்தை ஆற்றிக்கொள்ள உடனே காரியத்தில் இறங்கினோம்: பள்ளிக்கூடத்து வாசலில் பட்டாளத்துக்குப் போனவர்கள் பேர் வெட்டிய கல்லில் ஏகாம்பரத்தின் பேரைச் சேர்ப்பது, அடுத்த கொடியேற்றம் தனபாக்கியத்தின் கையால், மாப்பிள்ளை வீட்டுக்கு ஊர் சார்பில் நாலு பேர் போய்ச் சொல்லிவிட்டு வருவது. அதற்குள் ஒருத்தன் தனபாக்கியத்தின் வீட்டுக்கு ஓடி, "அக்கா, ஒங்கப்பா ஓடலியாம், வந்து துணிய எட்த்துக்கோ," என்று சொல்லியும் விட்டான்.

தனபாக்கியம் வந்தாள், மரத்தடியில் நின்று அந்தச் சாக்குத் துணியைப் பார்த்தாள், சுபேதாரைப் பார்த்தாள்.

"வராதவங்களுக்குத்தானா மாமா இது?"

"ஆமாம்மா."

அவள் தலையை ஆட்டினாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள், துணியை எடுக்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

எங்களுக்கு இது பிடிபடவில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. இத்தனை வருஷம் கேட்டது இதைத்தானே, கையில் கொடுத்தால் வேண்டாம் என்கிறாளே என்று பேசிக்கொண்டோம். அவள் தினமும் மாடு ஓட்டிக்கொண்டு கரைக்கு வந்தாள், கடைசிப் பனை மரத்தண்டை வந்ததும் நின்று பார்த்துவிட்டு, துணி அங்கேயே இருக்கிறது என்று தெரிந்ததும் நடந்தாள். காற்றில் அது கீழே விழுந்த ஒருநாள் எடுத்து உதறி மறுபடி கயிற்றில் போட்டாள். வீட்டுக்கு மட்டும் கொண்டுபோகவில்லை.

ஐப்பசி முதல் வாரத்தில் வஜ்ஜிரவேலு கடையைச் சாத்திவிட்டு அவள் வீட்டுக்குப் போனான். நாங்களும் இரண்டு பேர் கூடப் போயிருந்தோம்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். எங்க தாத்தா சாவறப்போ எங்கப்பாகிட்ட சொன்னது. சண்ட முடிஞ்சி ஊருக்கு வந்த அன்னிக்கு நேரா இங்கதான் வந்தாராம். ஒங்கம்மா ஒன்னக் கையில புடிச்சிக்கினு வாசப்படியில நின்னுக்கினு இருந்தாங்களாம். தாத்தா வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே, 'இன்னாண்ணா, அவரு எங்கியாவது ஓடிட்டாரா'ன்னு கேட்டாங்களாம். தாத்தாவுக்கு அந்த மூஞ்சியப் பாத்துட்டு வேற சொல்ல வரலியாம். ஆமாம்மா, ஓடிட்டான்னு சொல்லிட்டாராம்."

தனபாக்கியம் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"எங்கம்மாவுக்குக் கோவம் வந்தா தெருவையே திட்டும் வேலு," என்றாள். "கோழிய மெரிச்சிட்டான்னு ஒங்க தாத்தாவ ஒரு நாள் பூரா திட்டிக்கீது. ஓடிப்போனவன் பொண்டாட்டின்னு சொன்னவங்கள மட்டும் ஒரு வார்த்த சொல்லாது. சின்ன வயசுல எனக்கு அத்தான் ஆத்திரம். இப்பதான் புரியுது."

"நீ எடுக்கலன்னா யாரும் கேக்க மாட்டோம் அக்கா. அது பாட்டுக்கு அங்க கெடக்கட்டும்."

"கெடக்கட்டும்," என்றாள் தனபாக்கியம். "அங்க கெடக்கறவரைக்கும் அவரு எங்கியோ கீறாரு. எழுபத்தஞ்சு வயசு ஆகியிருக்கும். மலாய்க்காரி சோறாக்கிப் போடுவா."

அவள் சொன்னதில் கிண்டல் ஒன்றும் இல்லை.

இப்படியே விட்டிருந்தால் அந்தச் சாக்கு இன்றைக்கும் அங்கேதான் தொங்கும். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ்காரர்தான் குறுக்கே வந்தார், அவர் மேல் தப்பும் இல்லை. புவனாவின் தாத்தா பாட்டி பேர் போட வேண்டும், பாட்டிக்கு முன்னால் காலஞ்சென்ற என்று போட்டாயிற்று, தாத்தாவுக்கு என்ன போடுவது என்று ஆள் அனுப்பிக் கேட்டார். தனபாக்கியத்தின் கல்யாணத்தின்போது அலமேலு, அவர் உயிரோடு நின்று அழைக்கிற மாதிரியே பேர் போட்டு, ஊரெல்லாம் சிரிக்கச் சிரிக்கப் பத்திரிகை வைத்தாள். இப்போது யாரும் சிரிக்க மாட்டார்கள், எல்லோருக்கும் தெரியும், அதுதான் தனபாக்கியத்துக்குக் கஷ்டமாகிவிட்டது. தெரியாமல் இருப்பதற்கு அம்மாவுக்கு ஊர் ஒத்தாசையாக இருந்தது, அவளுக்கு இல்லை.

புவனா, "அவரு எப்பிடி இருந்தாலும் பரவாயில்லம்மா, போட வேணாம்னா பேரே வேணாம்," என்றாள்.

"பேரு வேணாம்னு சொல்றதுக்கு அவரு இன்னா தப்புப் பண்ணாரு," என்றாள் தனபாக்கியம்.

மறுநாள் காலையில், வெயில் ஏறியபிறகு, எல்லோரும் பார்க்கக் கரைக்கு நடந்து போனாள். சாக்குத் துணியைக் கயிற்றிலிருந்து எடுத்து, நான்காக மடித்து, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தெரு வழியாக வந்தாள். கழுதை வீட்டைத் தாண்டி, சோத்துக்காரர் வீட்டைத் தாண்டி வந்தாள், சுபேதார் தன் வீட்டு வாசலில் பனியனோடு நின்றிருந்தவர் உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்து விறைத்து நின்றார். யாரும் கூப்பிடாமலே பெண்கள் அவள் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். துக்க வீட்டுக்குப் போவதா, கல்யாண வீட்டுக்குப் போவதா, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டுமா என்று பின்வரிசையில் மெதுவாக ஒரு விவாதம் நடந்தது. செத்தது எப்போதோ, கேட்டது இப்போது, ஒரு சொம்பு தண்ணீர் போதும் என்று முடிவாயிற்று.

தனபாக்கியம் படத்தின் மேல் இருந்த துண்டை எடுத்தாள், ஆணியில் சாக்கை மாட்டினாள், மாட்டிவிட்டு மற்ற வீட்டுப் பெண்கள் செய்தபடியே அடுப்பங்கரைக்குப் போனாள். அரிசியைக் களைந்தாள். ஒரு தண்ணீரில் வெளுத்துவிடுகிற அரிசியை மூன்று நான்கு தண்ணீர் மாற்றிக் களைந்தாள். நாங்கள் கூடத்தில் நின்றிருந்தோம், பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை என்று எல்லோரும் தரையைப் பார்த்தோம். உலையில் அரிசி விழுகிற சத்தம் கேட்டது, பிறகு அவள் ஈரக்கையோடு வந்தாள்.

ஏகாம்பரம் கட்டிக்கொண்டிருந்தார். ஸ்டுடியோ ஏரிக்கும் அன்னப்பறவைக்கும் முன்னால், அரையில் சாக்கும் இடுப்பில் மரச்சில்லுமாக, சணல் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டு நின்றார். முகம் அதே முகம்தான், வயது அதே வயதுதான். சாக்கு அவர் இடுப்புக்குச் சரியாக இருந்தது. வெளியே, பின்னாலேயே வந்து நின்றிருந்த சுபேதார் சல்யூட் அடித்தது பூட்சு இல்லாத காலானாலும் உள்ளே கேட்டது. வஜ்ஜிரவேலு, "ஒங்கப்பா நின்னாரு அக்கா, ஓடவே இல்ல," என்று சொல்லும்போதே அழுதுவிட்டான். நாங்கள் எல்லோரும் அதையே ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னோம், ஐம்பது வருஷத்துக்கும் சேர்த்துச் சொன்னோம்.

தனபாக்கியம் எங்களைக் கேட்கவில்லை. படத்துக்குக் கிட்டப் போய், கண்ணாடியின் மேல் ஈரக்கையை வைத்து, பிறந்தது முதல் கூப்பிடாத பேரைக் கூப்பிட்டாள்.

"அப்பா," என்றாள். "நீ நெசமாவே ஓடிப் போயிருக்கலாமேப்பா."